முதலில் ஊகம், பிறகு சோதனை



பள்ளிகள் திறந்துவிட்டன. புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பிள்ளைகளை அனுப்பிவைத்திருப்பீர்கள். இந்த இதழில் அறிவியல் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: பாடத்தைச் சொல்வதற்கு முன், பிள்ளைகளை ஊகிக்க விடுங்கள்.

கும்மிடிப்பூண்டி பக்கத்துத் தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்வோம். அங்கே சிப்காட் தொழிற்பூங்காவில் மிஷெலின் டயர் ஆலை இருக்கிறது. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. சென்னையின் குடிநீருக்கு அதுவும் ஒரு ஆதாரம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் இந்தப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். இவ்வளவும் கண்ணெதிரே இருக்க, நம் பிள்ளைகள் பல நேரம் அறிவியலைக் கேள்வி-பதிலாக மட்டுமே படிக்கிறார்கள்.

'வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும்' என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அதை வைத்தே ஒரு வகுப்பைத் தொடங்கலாம். கெட்டியான ஒரு ரப்பர் பேண்டை ஆணியில் மாட்டி, அது நன்றாக இழுபடும் அளவுக்குக் கனமான பூட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். பூட்டின் அடிப்பகுதி நிற்கும் இடத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். "ரப்பர் மேல் சுடுதண்ணீர் ஊற்றினால் பூட்டு இறங்குமா, ஏறுமா, அப்படியே நிற்குமா?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் விடையையும் காரணத்தையும் நோட்டில் எழுதட்டும். பெரும்பாலானவர்கள் 'இறங்கும்' என்றே எழுதுவார்கள். பிறகு ஊற்றுங்கள், சுடுதண்ணீரை ஆசிரியர்தான் கையாள வேண்டும். பூட்டு மேலே ஏறும்!

அந்த நொடியில் வகுப்பு முழுக்க 'ஏன் சார்?' என்று கேட்கும். அந்தக் கேள்வி எழுந்த பிறகு சொல்லும் பாடம் மறக்காது. ரப்பர் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. இழுக்கும்போது அவை நேராகின்றன. சூடு ஏறும்போது மறுபடி சுருண்டுகொள்ளப் பார்க்கின்றன. இந்தச் சங்கிலிகளைக் கந்தகத்தால் ஒன்றோடொன்று பிணைத்து ரப்பரை உறுதியாக்கும் வழியை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டார். அந்தப் பிணைப்பு இல்லாமல் இன்றைய டயர் இல்லை. தினமும் ஆலைப் பேருந்தில் ஷிஃப்டுக்குப் போகும் அப்பாவின் வேலைக்கும் தன் எட்டாம் வகுப்புப் பாடத்துக்கும் தொடர்பு இருப்பது டயர் ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அன்று புரியும்.

நீர்த்தேக்கமும் அப்படித்தான். அதன் கொள்ளளவு 50 கோடி கன அடி. லிட்டரில் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 1,400 கோடியைத் தாண்டும். பக்கம் நேராக உள்ள டிபன் பாக்ஸில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்து, ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது என்று ஸ்கேலால் அளக்கட்டும். 5 மில்லிமீட்டர் என்றால், ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் அது 50,000 லிட்டர். டிபன் பாக்ஸில் குறைவதும் ஏரியில் குறைவதும் ஒரே அளவாக இருக்குமா? வகுப்பே விவாதிக்கட்டும்.

இப்படிச் சோதனை செய்து படிப்பது புதிய யோசனை அல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகள் நான்கு பேர் கொண்ட குழுக்களாகச் சோதனை செய்தே படித்தார்கள். தேர்வைப் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதினார்கள், செய்முறைத் தேர்வும் இருந்தது. நம் மாநிலத்திலும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்' இதழ் வழியாக இந்த வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது. 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8-ஆம் வகுப்புகளுக்கு, கருத்தாளர்கள் பள்ளிக்கு வந்து சோதனைகள் நடத்தும் 'வானவில் மன்றம்' திட்டம் வந்தது. கருத்தாளர் வரும் நாளோடு சோதனை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

ஆசிரியர்களுக்குச் சில யோசனைகள். வாரத்துக்கு ஒரு சோதனை போதும். ஆனால் ஊகத்தை எழுதாமல் எதையும் தொடங்க வேண்டாம். நான்கு பேர் குழுவில் செய்பவர், அளப்பவர், எழுதுபவர், கேள்வி கேட்பவர் என்று வேலையைப் பிரித்து, வாரா வாரம் மாற்றுங்கள். இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளை மட்டுமே செய்யும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஊகம் தவறினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். காரணம் சொன்னதற்கு மதிப்பெண் கொடுங்கள். சோதனை சரியாக வரவில்லையென்றால் ஏன் என்று சேர்ந்தே தேடுங்கள். விடை தெரியாத கேள்வி வந்தால், "எனக்கும் தெரியலை, கண்டுபிடிப்போம்" என்று தயங்காமல் சொல்லுங்கள். வகுப்புத் தேர்வில், பிள்ளைகள் கையால் செய்த சோதனையிலிருந்து ஒரு கேள்வியாவது வரட்டும்.

பெற்றோரே, சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளையிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன், "இன்னைக்கு என்ன நினைச்சே, என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள்.

உங்கள் பள்ளியைச் சுற்றி ஏரி இருக்கலாம், செங்கல் சூளை இருக்கலாம், ஆலை இருக்கலாம், உப்பளம் இருக்கலாம். அதிலிருந்து நீங்கள் உருவாக்கிய ஒரு சோதனையை, பிள்ளைகளின் ஊகங்களோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஊகம் தவறிப்போன சோதனைகளை முதலில் வெளியிடுவோம். அவற்றிலிருந்துதான் மற்ற வகுப்புகள் அதிகம் கற்கும்.

அன்புடன்,
ஆசிரியர்