முதலாம் தரமும் நமது அரைப்பேரும்



விடிந்ததும் பெரட்டுக்கு ஓடுகிறோம். முதலாம் தரத்தில் படிக்கும் நம் பிள்ளை பாடசாலையில் என்ன செய்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அங்கே பாட்டும் விளையாட்டும்தான் பாடம். ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்களன்று முற்றத்தில் பொறுக்கிய இலைகளை வகை பிரிக்கிறார்கள். செவ்வாயன்று அவற்றை எண்ணுகிறார்கள். புதனன்று வரைகிறார்கள். வியாழனன்று பெயரை எழுதிப் பழகுகிறார்கள். வெள்ளியன்று வகுப்பின் முன் நின்று சொல்கிறார்கள். கூட்டிப்போக ஆளில்லை என்று பிள்ளையை இரண்டு நாள் லயத்தில் நிறுத்தினால், மூன்றாம் நாள் அதற்கு ஒன்றும் விளங்காது.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். பிந்திக் கிடைத்ததை நாமே தவறவிடலாமா?

ஆனால் பெற்றோரை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட்டு மலைக்குப் பிந்தி வரும் தாய்க்கு அரைப்பேர் போட்டால், அடுத்த கூட்டத்துக்கு அவள் எப்படிப் போவாள்?

ஆகவே, பெற்றோர் கூட்ட நாளில் தாய்க்கு முழுப்பேர் வேண்டும். தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இதை அடுத்த பேச்சுவார்த்தையிலேயே துரையிடம் கேட்க வேண்டும்.

அதுவரை, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பியதும், “இன்னைக்கு என்ன படிச்ச?” என்று பிள்ளையிடம் கேட்போம். அதற்காக யாரும் நம் பேரை வெட்ட முடியாது.