நீர்மேல் எழுத்தை நம்பும் ஆய்வகங்கள்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே, காதங்கியில் 1024 ஆன்டெனாக்களுடன் பரந்து கிடக்கும் எம்.எஸ்.டி. ரேடார் 1990களிலிருந்து வளிமண்டலக் காற்றை அளந்துவருகிறது. கடந்துபோன புயலைத் திரும்ப அழைத்து அளக்க எவராலும் ஆகாது. இத்தகைய தரவு எங்கே சேமிக்கப்பட்டாலும், அதைத் தாங்கும் தரவுத்தளமும் அதன் அடியிலுள்ள லினக்ஸ் கெர்னலும் ஒத்துப்போகின்றனவா என்பது கணினிப் பிரிவின் கவலை மட்டுமன்று, அறிவியலின் கவலை.

ஆயினும் பல ஆய்வகங்களில் அந்தச் சோதனை ஒரு சடங்காகச் சுருங்கிவிட்டது. கெர்னல் எண் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா? இருக்கிறது. வேலை முடிந்தது!

எண்ணோ முழு உண்மையைச் சொல்வதில்லை. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8இன் கெர்னல் எண் 4.18, மூலக் கெர்னலில் அது 2018இல் வெளிவந்த எண். பின்வந்த பதிப்புகளின் திருத்தங்கள் பல அதே எண்ணுக்குள் கொண்டுவந்து சேர்க்கப்பட்டன. பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு.

எண் காட்டாத ஆபத்து 2018இல் வெளிப்பட்டது. வன்தட்டில் எழுதுவது தோற்றால், 'எஃப்சிங்க்' அழைப்பு பிழையை ஒருமுறை அறிவிக்கும். பின்னர் எழுதப்படாத பக்கங்களையே எழுதியவையாகக் கெர்னல் குறித்துக்கொள்ளக்கூடும். இரண்டாம் முறை கேட்டால் 'வெற்றி' என்ற விடை வரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அந்த விடையை நம்பியே இயங்கிவந்தது. அது நீர்மேல் எழுத்து. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 முதலான பதிப்புகளில்தான், அத்தகைய பிழை நேர்ந்தால் தரவுத்தளம் உடனே நின்று, தன் பதிவேட்டிலிருந்து மீண்டெழும் வழி இயல்பாக்கப்பட்டது. அதுவரை எந்தப் பட்டியல் எச்சரித்தது?

"ஓடுவதைத் தொடாதே" என்பார் சிலர். சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் தரவை அடைத்துவைப்பது காப்பாகாது.

தீர்வு கடினமன்று. தரவின் நகலைத் தனிக் கணினியில், புதிய கெர்னலின்மேல் மீட்டெடுக்க வேண்டும். எழுதும் நடுவே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். வன்தட்டுப் பிழையைச் செயற்கையாக உண்டாக்க வேண்டும். எஞ்சிய தரவை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய கெர்னலைத் திரும்பும் வழியாக வைத்திருக்க வேண்டும். முடிவுகளைக் கெர்னல், தரவுத்தளப் பதிப்பெண்களோடு ஆய்வேட்டிலேயே பதிய வேண்டும். கருவியின் அளவுத்திருத்தத்தைக் கேட்கும் தேர்வாளர் இதையும் கேட்கட்டும்.

திருமலைக் கோயிற் சுவர்களின் தமிழ்க் கல்வெட்டுகள் நூற்றாண்டுகள் கடந்தும் படிக்கக் கிடைக்கின்றன. வன்தட்டின் எழுத்துக்கு அந்த உறுதி இயல்பாக வாய்ப்பதில்லை. சோதித்தே பெற வேண்டும்.