ஆட்டிப் பார்ப்பதற்கும் கூலி உண்டு

ஆலங்குளத்தில் தென்காசி ரோட்டோரம் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை சுமக்கிற வண்டி, பீடி இலை ஏற்றுகிற வண்டி, சீசனில் மூன்று பேராகக் குற்றாலம் போய்த் திரும்புகிற வண்டி என்று எல்லாம் வரும். பலர் ஸ்டாண்ட் போடுவதற்கு முன்பே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார்கள். “செயின் கிட் போயிட்டு தம்பி, மாத்திரு.” ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தால் அடியில் ‘கடக்’ என்று வெட்டுகிறது, ஆகவே செயின் கிட் போய்விட்டது. தீர்ப்பு முடிந்தது.

அந்த வெட்டு செயினிலிருந்து மட்டும் வருவதில்லை. இன்ஜினின் இழுவை பின்சக்கரத்துக்குப் போகிற வழியில் பல இடங்களில் ஆட்டம் இருக்கிறது. கிளட்ச், கியர், முன் ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருக்கும் சாஃப்ட், செயின், பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் வீலுக்கும் நடுவே இருக்கிற ஹப் ரப்பர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். கியர் தடையில்லாமல் விழுவதற்காகக் கம்பெனியே உள்ளே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்கிறது. ஆட்டமே இல்லாத வண்டி கிடையாது. எந்த இடத்தில் அது அளவுக்கு மீறியது என்பதுதான் விஷயம்.

போன ஆனியில் ஒரு தக்காளி வியாபாரி ஸ்பிளெண்டரைக் கொண்டுவந்தார். “செயின் கிட் மாத்தி மூணு மாசம்கூட ஆகல, இப்பமும் அடிக்கி.” வேறொரு கடையில் மாற்றியிருந்தார், புது செயினில் குறையில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் நிறுத்தினேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. பின்வீலைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் கோடு எவ்வளவு நகர்கிறது என்று தெரியும். செயின் கவரில் ஒரு ரப்பர் மூடி உண்டு, அதைக் கழற்றினால் உள்ளே செயின் தெரியும். வீலை ஆட்டிக்கொண்டே அந்த ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னேன். செயின் அசையவே இல்லை, டயர் மட்டும் ஆடியது. அவருக்கே புரிந்துவிட்டது.

ஆக்சிலை உருவி வீலைத் தனியே எடுத்தோம். ஹப்புக்குள் இருந்த ரப்பர்கள் நசுங்கிக் கருப்பு மாவாக உதிர்ந்தன. ஸ்ப்ராக்கெட் டிரம்மின் காதுகள் ஹப்பின் சுவரில் நேரடியாக மோதிக்கொண்டிருந்தன. ரப்பரின் விலை, அவர் செயின் கிட்டுக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கு.

வீலோடு செயினும் சேர்ந்து நகர்ந்து, அதற்குப் பிறகும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் கோளாறு முன்னால். இடது பக்கக் கவரைத் திறந்து முன் ஸ்ப்ராக்கெட்டை விரலால் பிடித்து அசைத்தால், சாஃப்டின் பல் தேய்ந்ததா என்று சொல்லிவிடலாம். மற்ற கியர்களில் சரியாக இருந்து ஒரு கியரில் மட்டும் ஆட்டம் கூடினால் அது கியர்பாக்ஸ், இன்ஜினைப் பிரிக்கிற வேலை. செயினே குற்றவாளி என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் அதை இழுத்துப் பார்த்தாலே பல்லை விட்டு எழும்பி வரும். ஆக்ஸிலேட்டர் கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரி ஒரு வெட்டு வரும் என்பதால் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

எங்கள் ஊரில் செயின் சீக்கிரம் தேய்வதும் உண்மைதான். நான்குவழிச் சாலை வேலை நடந்தபோது ஊரே புழுதி தின்றது. ஆனி, ஆடிக் காற்று மண்ணை வாரி வந்து எண்ணெய்ப் பசையில் அப்பும். குற்றாலச் சாரலில் நனைந்தால் அது அரைக்கிற பசையாகிவிடும். சத்தம் கேட்டவுடன் செயினை முறுக்கி ‘கிண்’ணென்று வைப்பது அடுத்த தப்பு. பெரும்பாலான நூறு சிசி வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தொய்வு வேண்டும். மூட்டை ஏறினால் வீல் மேலே போகும், செயின் இன்னும் இறுகும். தொய்வு இல்லாத செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

இவ்வளவும் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்கு எங்கள் தொழிலில் விலை கிடையாது. பாகம் மாற்றினால் அதில் ஒரு லாபம், மாட்டுவதற்குக் கூலி. மாற்றத் தேவையில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னால் கிடைப்பது ஒரு டீ. சரியாகப் பார்க்கிற மெக்கானிக்குக் கைநஷ்டம், பார்க்காமல் மாற்றுகிறவனுக்கு வருமானம் என்று நாமே ஓர் ஏற்பாடு செய்துவைத்துக்கொண்டு, பிறகு மெக்கானிக் ஏமாற்றுகிறான் என்கிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் தேவையில்லாத பாகத்துக்கு வரி குறைந்து யாருக்கு என்ன லாபம்?

என் கடையில் இப்போது போர்டு வைத்திருக்கிறேன்: பார்த்துச் சொல்ல நூறு ரூபாய். “ஆட்டிப் பாத்ததுக்காவே காசு?” என்று கேட்காதவர் குறைவு. போர் போடுவதற்கு முன் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவருக்கு இதே ஆட்கள் வாய்பேசாமல் கொடுக்கிறார்கள், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும். வேலை செய்தால் அந்த நூறைக் கழித்துக்கொள்ளலாமே என்றும் சிலர் யோசனை சொன்னார்கள். மாட்டேன். கழிக்க ஆரம்பித்தால் ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடிக்க என் கையே துடிக்கும். பழைய பாகத்தை மட்டும் கேட்காமலே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

நூறு ரூபாய் கொடுக்க மனமில்லாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்ட், முதல் கியர், சாக்பீஸ் கோடு போதும். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே விரல் போகக் கூடாது. டயர் மட்டும் ஆடுகிறதா, செயினும் சேர்ந்து ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு, அதை உங்கள் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.