கல்கத்தாவில் பிறந்த கிரேக்கச் சொல்

கடலே இல்லாத ஊர் பெங்களூர். ஆனால் வங்கக் கடலில் புயல் உருவானால் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் குடைகள் விரிகின்றன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் அங்கே தூறலும் குளிரும்தான்.

இந்தக் காட்சியில் இரண்டு கிரேக்கச் சொற்கள் சந்திக்கின்றன. பேட்டையின் பெயரில் இருப்பது 'எலெக்ட்ரான்'. தேய்த்தால் துரும்பை இழுக்கும் அம்பர் பிசினுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் அது. இன்னொன்று 'சைக்ளோன்'. கிரேக்க வேர்தான், ஆனால் சொல்லை உருவாக்கியவர் கல்கத்தாவாசி.

ஹென்றி பிடிங்டன் கப்பல் தலைவராக இருந்து கரை சேர்ந்த ஆங்கிலேயர். புயலில் சிக்கித் தப்பிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டினார். எந்தக் கப்பலுக்கு எப்போது எந்தத் திசையிலிருந்து காற்றடித்தது என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். காற்று சுழல்வது புரிந்தது. துல்லியமான வட்டமா? அப்படி அடித்துச் சொல்ல அவருக்கு மனமில்லை. ஆகவே பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்று ஆக்கி, 1848இல் மாலுமிகளுக்கான கையேட்டில் வெளியிட்டார். கலைச்சொல் ஆக்குபவர்களிடம் அபூர்வமாகத் தென்படும் அடக்கம் இது. தமிழின் 'சூறாவளி'யும் லேசுப்பட்டதல்ல. 'வளி' காற்று, 'சூறை' என்றால் சுழல்காற்று, கொள்ளை இரண்டும்தான்.

பிடிங்டனின் சொல்லை உலகம் ஏற்றுக்கொண்டது. அவர் பேச்சை அரசு ஏற்கவில்லை. ஹூக்ளி நதி மண்மேடிட்டு வந்ததால், சுந்தரவனத்தில் மாத்லா நதிக்கரையில் புதுத் துறைமுகம் கட்டத் திட்டமிட்டார்கள். 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு பிடிங்டன் பகிரங்கக் கடிதம் எழுதினார். காற்றைவிடக் காற்று தள்ளிவரும் கடல்நீர்தான் ஆபத்து, அந்த இடம் வேண்டாம் என்பதே அதன் சாரம். கேட்பாரில்லை. 1858இல் அவர் இறந்தார். போர்ட் கானிங் எழுந்தது. ரயில் பாதையும் வந்தது. 1867 நவம்பரில் சைக்ளோனும் வந்தது. கடல் உள்ளே புகுந்து துறைமுகத்தை நாசமாக்கியது. சில ஆண்டுகளில் அரசு அதைக் கைவிட்டது.

சியால்டாவிலிருந்து கானிங்குக்கு இன்றும் மின்சார ரயில் போகிறது. சுந்தரவனம் பார்க்கப் போகும் பயணிகள் அங்கே இறங்குகிறார்கள். கப்பல்கள்தான் வருவதில்லை.