உள்குத்தகை என்றால் உரிமை இல்லையா?

கேள்வி: இரண்டு ஏக்கர் நஞ்சையை ஆறு வருடமாக நானும் என் மனைவியும் பயிர் செய்கிறோம். நிலத்துக்காரர் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறார். அவரிடம் குத்தகைக்கு எடுத்த எங்கள் ஊர்க்காரர், அதை எனக்கு உள்குத்தகைக்கு விட்டார். வருடா வருடம் நெல் அளந்துவிடுகிறேன், ரசீது கிடையாது. போன சம்பாவில் பயிர் மூழ்கியது. காப்பீடு என் பேரில் இல்லை. இப்போது, "அடுத்த பட்டத்துக்கு நிலத்தை விட்டுவிடு" என்கிறார். மந்தைவெளியில் உள்வாடகைக்கு இருந்த என் மகனையும் வீட்டுக்காரர் வெளியேறச் சொல்லிவிட்டார். எனக்கும் அதே கதிதானா?
- வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: இல்லை ஐயா. உங்கள் நிலை வேறு, மகன் நிலை வேறு.

ஒருவர் எடுத்த குத்தகைக்கு உள்ளேயே இன்னொருவருக்கு விடுவது உள்குத்தகை. வீடு, கடை என்றால் உள்வாடகை. சென்னையில் "லீஸுக்கு வீடு" என்று பலகை தொங்குமே, அது பெரும்பாலும் நம் ஊர்ப் போகியம். மொத்தமாகப் பணம் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மயிலாப்பூரானாலும் தி.நகரானாலும், வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. 1960-ஆம் வருட வாடகைச் சட்டத்திலேயே அது காலி செய்ய வைக்க ஒரு காரணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதற்குத் தடை வைத்திருக்கிறது. அடுத்த அறை பார்க்கும்போது, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தைப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.

வயலில் சட்டம் வேறு கேள்வி கேட்கிறது: "சேற்றில் இறங்கி வேலை செய்தது யார்?" 1955-ஆம் வருடத் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தானோ தன் குடும்பத்தாரோ உடல் உழைப்பைப் போட்டுப் பயிர் செய்தால் உள்குத்தகைதாரரும் சாகுபடிக் குத்தகைதாரரே. விட்டவருக்கு நிலத்தின் மேல் இருந்த உரிமை முடிந்துபோனாலும், தொடர்ந்து பயிர் செய்கிறவரின் நிலை அதனால் மாறாது. நடுவில் நின்று நெல் மட்டும் வாங்குகிறவரைத்தான் இச்சட்டம் வெளியே நிறுத்துகிறது. ஆகவே வாய்ச்சொல்லால் உங்களை இறக்கிவிட முடியாது. வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும்.

ஆனால் ஆறு வருட உழைப்புக்கு உங்களிடம் ஒரு காகிதமும் இல்லையே! உங்கள் பலவீனம் அங்கேதான். உடனே செய்ய வேண்டியவை:

1. கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, அடங்கலில் சாகுபடி யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பேர் இல்லாவிட்டால் எழுத்தில் மனுக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

2. 1969-ஆம் வருடக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின் கீழ் பேரைப் பதிய வட்டாட்சியரிடம் மனுச் செய்யுங்கள்.

3. நெல் அளக்கும்போது ரசீது கேளுங்கள். கொடுக்க மறுத்தால் சாட்சி வைத்து அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். பாக்கி வைக்காதீர்கள், நிலத்தை விட்டு வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும்.

4. விதை, உரம் வாங்கிய பில்களைச் சேர்த்து வையுங்கள்.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம்; அதற்கு உங்கள் பேரில் சாகுபடிச் சான்று வேண்டும். பி.எம். கிசான் பணம் மட்டும் நிலம் சொந்தமாக உள்ள குடும்பத்துக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் நிலம் தனியாருடையது என்று வைத்தே இதைச் சொன்னேன். கோயில் நிலம் என்றால் 1961-ஆம் வருடப் பொது அறக்கட்டளை நிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கபாலீசுவரர் கோயில் போன்ற கோயில்களின் மனை, கடைகளில் அனுமதியில்லாமல் இருப்பவரை, 1959-ஆம் வருட அறநிலையத் துறைச் சட்டம் ஆக்கிரமிப்பாளர் என்றே சொல்கிறது.

மயிலாப்பூர் நிலத்துக்காரரை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். தன் நிலத்தில் பாடுபடுவது யார் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பேச்சில் தீராவிட்டால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். அதுவரை நிலத்தை விட்டு இறங்காதீர்கள். எந்த வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.