யாரும் தொடவில்லை, ஆனாலும் அழிந்தது: மேகக் கணிமைக் காலத்தில் ‘ஐடி’ வேலை எப்படி மாறுகிறது?

ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் பள்ளி. உங்கள் ஐபேடைத் திறக்கிறீர்கள். பாடக் குறிப்புகளைக் காணோம். செயலிகளையும் காணோம். கடையிலிருந்து இப்போதுதான் வாங்கி வந்ததுபோல் காலியாக இருக்கிறது. நீங்கள் எதையும் அழிக்கவில்லை. வேறு யாரும் அதைத் தொடவும் இல்லை.

2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி நடந்த சம்பவத்தில், சிங்கப்பூரின் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களுக்கு இந்தக் கதிதான் ஏற்பட்டது. அவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். இல்லையென்றால் உங்கள் தம்பியோ தங்கையோ இருந்திருக்கலாம்.

அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கணினிகளைப் பராமரிக்கும் ‘ஐடி’ நிர்வாகியின் வேலை எந்த அளவுக்கு மாறிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் கிடைப்பது கடினம்.

அன்று என்ன நடந்தது?

மாணவர்களின் ஐபேட், குரோம்புக் சாதனங்களை நிர்வகிக்கப் பள்ளிகள் ‘மொபைல் கார்டியன்’ என்ற செயலியைப் பயன்படுத்தி வந்தன. எந்த இணையத்தளத்துக்குப் போகலாம், எந்தச் செயலியைத் திறக்கலாம் என்பதையெல்லாம் இதுபோன்ற செயலிகள் மூலம் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்தலாம். சாதனம் தொலைந்துபோனால், அதிலுள்ள அனைத்தையும் அங்கிருந்தபடியே அழித்துவிடவும் முடியும்.

அந்த நிறுவனத்தின் நிர்வாகத் தளத்துக்குள் யாரோ அனுமதியின்றி நுழைந்துவிட்டனர். சாதனங்களிலுள்ள தகவல்கள் தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. சிங்கப்பூர் மட்டுமல்ல, மற்ற நாடுகளில் அந்தச் செயலியைப் பயன்படுத்தியோரும் பாதிக்கப்பட்டனர். மறுநாள், எல்லா மாணவர்களின் சாதனங்களிலிருந்தும் அந்தச் செயலியை அகற்றப்போவதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். 13,000 சாதனங்களின் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. நிர்வாகிகளின் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட வசதியே போதுமானதாக இருந்தது.

முன்பு எப்படி இருந்தது?

உங்கள் அப்பாவோ அம்மாவோ அலுவலகத்தில் வேலை செய்தவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். கணினி மக்கர் பண்ணினால், “ஐடி ஆளக் கூப்பிடுங்க” என்பார்கள். அவர் நேரில் வருவார். கையில் ஒரு சிடியோ யுஎஸ்பியோ இருக்கும்.

அலுவலகத்தின் ஒரு மூலையில், எப்போதும் ஜில்லென்று இருக்கும் அறையில் சர்வர்கள் இருக்கும். அறையின் சாவி அவரிடம். புதிய சர்வர் வேண்டுமென்றால் விலைப்புள்ளி வாங்கி, ஒப்புதல் பெற்று, பெட்டி வந்து இறங்கக் குறைந்தது சில வாரங்கள் ஆகும். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, வார இறுதியில் உட்கார்ந்து செய்வார்.

அவருக்கு அதிகாரம் நிறைய இருந்தது. ஆனால் பெரும்பாலும் அது அந்தக் கட்டடத்தைத் தாண்டாது. அவர் தப்பு செய்தால் ஓர் அலுவலகம் திண்டாடும், அவ்வளவுதான்.

இப்போது என்ன மாறியது?

மேகக் கணிமை என்பதை எளிமையாகச் சொன்னால், இன்னொருவரின் தரவு நிலையத்திலுள்ள கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது. அமேசான் 2006இல் இந்தச் சேவையைப் பெரிய அளவில் விற்கத் தொடங்கியது. ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அதன் முதல் தரவு நிலையத் தொகுப்பு 2010இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. 2018இல் சிங்கப்பூர் அரசாங்கமே, ரகசியத்தன்மை குறைவான தன் கணினிக் கட்டமைப்புகளை வர்த்தக மேகக் கணிமைக்கு மாற்றப்போவதாக அறிவித்தது.

இதனால் நிர்வாகியின் அறை காலியானது. சாவிக்கு வேலையில்லை. இப்போது அவருடைய ‘சர்வர் அறை’ ஓர் இணைய உலாவி. சில நிமிடங்களில் 100 சர்வர்களை உருவாக்கலாம். எத்தனை சர்வர், எந்த நாட்டில், யாருக்கு அனுமதி என்பதையெல்லாம் நிரல் கோப்பாக எழுதி வைத்துவிட்டால், கட்டமைப்பு தானாகவே உருவாகும்.

செலவு குறைகிறது, வேகம் கூடுகிறது, சிறிய குழு பெரிய கட்டமைப்பைக் கவனித்துக்கொள்ள முடிகிறது. ‘அப்படியானால் ஐடி ஆளே தேவையில்லையே’ என்று சில நிறுவனங்கள் நினைப்பதும் இதனால்தான். அங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு கோப்பு, 85 லட்சம் கணினிகள்

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்தன. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான விமானச் சேவைகள் ரத்தாயின. கணினித் திரைகள் நீல நிறமாகின.

அது இணையத் தாக்குதல் அல்ல. ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பில் பிழை இருந்தது. சிங்கப்பூர் நேரப்படி பிற்பகல் 12.09க்கு அது வெளியானது. 78 நிமிடங்களில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் சாதனங்கள் பாதிக்கப்பட்டுவிட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

கோப்பு போனது தானியக்கமாக. சரிசெய்வது? முடங்கிய கணினிகளில் பல இணையத்துடன் இணையும் நிலையிலேயே இல்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவர் போய் நின்று, பாதுகாப்பு முறையில் இயக்கி, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. ‘இனி தேவையில்லை’ என்று நினைத்த அதே ஐடி ஆளைத்தான் அன்று எல்லாரும் தேடினார்கள்.

இயந்திரம் வேறொருவருடையது என்றால் பொறுப்பும் அவருடையதா?

இல்லை. மேகக் கணிமை நிறுவனங்களே இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கட்டடம், மின்சாரம், வன்பொருள் ஆகியவை அவர்கள் பொறுப்பு. உங்கள் தரவு, யாருக்கு என்ன அனுமதி, அமைப்புகள் சரியா என்பவை உங்கள் பொறுப்பு. ‘பகிரப்பட்ட பொறுப்பு’ என்று இதற்குப் பெயர்.

உள்ளூர் உதாரணம் ஒன்றைப் பாருங்கள். 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகலில் டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் தடைப்பட்டன. இரண்டு வங்கிகளும் பயன்படுத்திய ஈக்வினிக்ஸ் தரவு நிலையத்தில் குளிரூட்டும் முறை செயலிழந்ததே காரணம். சுமார் 25 லட்சம் பணப் பரிவர்த்தனைகளை முடிக்க முடியாமல் போனதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

இரு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையங்கள் இருந்தன. அவற்றுக்கு மாறவும் முயன்றன. ஆனால் டிபிஎஸ்ஸின் கட்டமைப்பு அமைப்பில் இருந்த தவறும் சிட்டிபேங்கின் இணைப்புப் பிரச்சினையும் குறுக்கே வந்தன. குளிரூட்டி வேறொருவருடையது. மாற்று ஏற்பாடு வேலை செய்கிறதா என்பதை உறுதிசெய்வது வங்கியின் கடமை. அந்த ஆண்டு தொடர்ந்து ஏற்பட்ட தடைகளை அடுத்து, டிபிஎஸ் அத்தியாவசியமற்ற ஐடி மாற்றங்களை 6 மாதத்துக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது.

ஆஸ்திரேலியாவில் இதற்கு நேர்மாறான முடிவு. 2024 மே மாதம், 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட ‘யூனிசூப்பர்’ ஓய்வூதிய நிதியின் தனியார் மேகக் கட்டமைப்பு கூகல் கிளவுடில் தானாக அழிந்துபோனது. அதை முதலில் அமைத்தபோது, கூகல் ஊழியர்கள் ஓர் உள்கருவியில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தனர். அதனால் காலக்கெடு முடிந்ததும் முறை அதைத் தானே நீக்கிவிட்டது. யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது. மீட்புப் பணிக்கு அது பெரிதும் கைகொடுத்தது. ‘கூகல்ல இருக்கு, நமக்கென்ன கவலை’ என்று நினைக்காத ஒரு நிர்வாகி அங்கே இருந்திருக்கிறார்.

அப்படியானால் இன்றைய நிர்வாகியின் வேலை என்ன?

வன்பொருளைப் பார்க்கும் வேலை குறைந்துவிட்டது. அதற்குப் பதில் நான்கு வேலைகள் பெரிதாகிவிட்டன.

முதலாவது, அனுமதி. யாருக்கு எந்த அளவு அதிகாரம், எத்தனை நேரத்துக்கு? வேலையை விட்டுப் போனவரின் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா? பெரிய அளவில் அழிக்கும் கட்டளைக்கு இரண்டு பேரின் ஒப்புதல் தேவையா?

இரண்டாவது, நிதானம். எந்த மாற்றத்தையும் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் பத்துக்கு, பிறகு நூறுக்கு, பிறகு மற்றவற்றுக்கு என்று படிப்படியாக அனுப்புவது. 2024 சம்பவத்துக்குப் பிறகு கிரவுட்ஸ்டிரைக்கும் இந்த வழக்கத்துக்கு மாறியது.

மூன்றாவது, மீட்பு ஒத்திகை. நகல் இருக்கிறது என்பது வேறு, நகலிலிருந்து மீண்டு வர முடியும் என்பது வேறு. தீயணைப்பு ஒத்திகைபோல் அதையும் செய்து பார்க்க வேண்டும்.

நான்காவது, பில். மேகத்தில் பயன்படுத்தும் நேரத்துக்குக் கட்டணம். சோதனைக்காகத் தொடங்கி மறந்துபோன சர்வரும் மாதாமாதம் காசு கேட்கும்.

இந்த நான்கிலும் ஒரு பொதுவான அம்சம் உண்டு. நன்றாகச் செய்தால் எதுவுமே நடக்காது. அதனால்தான் செலவைக் குறைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவதும் இவைதான். மேகக் கணிமைக்கு மாறியதால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை இந்தப் பாதுகாப்புக்கே திருப்பிச் செலவழிக்கிறார்களா என்பதுதான் எந்த நிறுவனத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ ஐடி படிக்கிறீர்களா? சர்வர் பெட்டியைக் கழற்றி மாட்டத் தெரிவது இனி போதாது. நிரல் எழுதத் தெரிய வேண்டும். அதைவிட, ‘இந்தப் பட்டனை அழுத்தினால் யார் யார் பாதிக்கப்படுவார்கள்?’ என்று ஒரு நிமிடம் யோசிக்கத் தெரிய வேண்டும்.

ஐடி படிக்கவில்லையா? அப்போதும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளியோ அலுவலகமோ கொடுத்த சாதனத்தின் முழுக் கட்டுப்பாடு உங்களிடம் இல்லை. அதிலுள்ள முக்கியமான குறிப்புகளுக்கு இன்னோர் இடத்தில் ஒரு நகல் வையுங்கள். ஆகஸ்ட் 4ஆம் தேதிக்கு முன்பே அப்படிச் செய்திருந்த மாணவர்கள், காலியான ஐபேடைப் பார்த்துப் பதறியிருப்பார்கள். ஆனால் அவர்களுடைய குறிப்புகள் தொலையவில்லை.