கையெழுத்துப் போட வேண்டியவள்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் கேட்கிற முதல் கேள்வி, "உங்க கூட யாரும்மா வந்திருக்கா?" கட்டிலில் இருப்பவளுக்குக் காதும் வாயும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் சம்மதப் படிவம் கணவன் கைக்குத்தான் போகும். அவன் வெளியூரில் இருந்தால் அண்ணன், அவனும் இல்லாவிட்டால் மாமியார். செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேனாவை நீட்டும் வேலை பெரும்பாலும் எங்களுடையது என்பதால் சொல்கிறேன்.

டெல்லியில் 1995-ல் நடந்ததை நர்சிங் பள்ளிகளில் பாடமாகவே வைக்கலாம். திருமணமாகாத, 44 வயதுப் பெண். உதிரப்போக்குக்காகப் போனவர், லேப்ராஸ்கோப்பிக்குக் கையெழுத்திட்டார். கர்ப்பப்பையை எடுப்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது: உடனே எடுத்தாக வேண்டிய ஆபத்து இல்லை, அவர் கண்விழிக்கும்வரை பொறுத்திருக்கலாம், அம்மாவின் சம்மதம் செல்லாது. நஷ்டஈடு 25,000 ரூபாய். இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைந்த ஆட்டோ செலவுக்காவது அது காணுமா என்பது வேறு விஷயம்.

கருக்கலைப்புக்கு, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்று 1971-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்புகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்துத் தேவையில்லை என்கிறது மத்திய அரசின் வழிகாட்டு நெறி. 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் விதியோ இருவர் சம்மதமும் வேண்டும் என்கிறது. எது தனக்குப் பாதுகாப்போ அதை டாக்டர் எடுத்துக்கொள்கிறார்.

அவர் பயமும் எனக்குத் தெரியும். ஏதாவது ஆகிவிட்டால் கண்ணாடியை உடைப்பவர்கள் கூட வந்தவர்கள். பில் கட்டுபவர்களும் அவர்களே. அவர்களுக்கும் விளக்கட்டும், நோயாளியைக் கேட்டுக்கொண்டு.

ரகசியம் போவதும் இதே வழியில்தான். பயாப்ஸி ரிசல்ட் மகனுக்கு முதலில் தெரியும், பிறகு மருமகளுக்கு, பிறகு தெருவுக்கு. அம்மாவுக்கு மட்டும் 'அல்சர்'. எச்ஐவி என்று கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் எழுதிவைத்த வார்டுகளைப் பார்த்திருக்கிறேன். பெருக்க வருகிறவர் வரை சேதி போய்விடும். சம்மதமில்லாமல் அதை வெளியே சொல்லக் கூடாது என்கிறது 2017-ன் எச்ஐவி சட்டம். கருக்கலைத்த பெண்ணின் விவரத்தை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை என்கிறது கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம். ரவுண்ட்ஸில் கட்டிலருகே நின்று உரக்கப் பேசும் வாய்க்கு இரண்டும் எட்டவில்லை.

கவுன் மாட்டி ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு ஆங்கிலப் படிவத்தை நீட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரே முந்தின நாள் வந்து, தமிழில் விளக்கி, அவளிடமே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கட்டும். அந்தப் பத்து நிமிஷம் உறவுக்காரர்களை வராந்தாவில் நிற்கச் சொல்லுங்கள். முறைப்பார்கள். ஆனால் போய் நிற்பார்கள், நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.